ஆளில்லாக் கடற்கரையின் கணக்கு



2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாம் குடும்பமாக ஹவாய்த் தீவுக்கூட்டத்திலுள்ள காவாய்த் தீவுக்குச் சென்று வந்தோம். கொழும்புத்துறை யோகசுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் 1970இல் நிறுவிய ஆதீனம் அங்கே இருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். பெங்களூரில் கையாற் செதுக்கிய கருங்கற்களைக் கப்பலிற் கொண்டுவந்து அமைத்த இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச் மாதம் குடமுழுக்கு நடைபெற்றது. அக்கோயிலைத் தரிசிக்கவே போனோம். திரும்பி வந்ததும் எமது சங்கச் செயலாளர், "அண்ணை, யாத்திரையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ" என்று கேட்டுக்கொண்டார்.

தரிசனம் மனநிறைவாக அமைந்தது. ஆயினும், அதற்கு மறுநாள் நாம் நடந்து போய்ப் பார்த்த ஒரு கடற்கரை என் மனதில் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டது. அதை இன்னும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. நான் தொழிலால் ஒரு கணக்காளன். தத்துவம் படித்தவன் அல்லன். எனவே எனக்குத் தெரிந்த கணக்கு மொழியிலேயே அக்கேள்வியை உங்கள் முன் வைக்கின்றேன்.

காவாய்த் தீவின் வடகரையில் தார்வீதி ஓரிடத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நா பாலி எனப்படும் மலைச்சுவர்கள் நேரே கடலுக்குள் இறங்குகின்றன. வீதி போட இடமில்லை. மலையின் இடுப்பைச் சுற்றி 11 மைல் நீளமான ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் கலலாவ் என்னும் பள்ளத்தாக்கு வரை செல்கின்றது. பாதையின் முதல் 2 மைல் முடிவில் ஹனகாபியாய் என்ற சிறிய கடற்கரை உண்டு. அதற்கு அப்பால் நடப்பதற்கு வேறு அனுமதிச் சீட்டு வேண்டும். நாம் ஹனகாபியாயோடு நின்றுகொண்டோம்.

இங்கே போவதற்கு நினைத்தவுடன் புறப்பட முடியாது. 2018 ஏப்ரல் மாதம் அப்பகுதியிற் பெருமழை பெய்து வீதி சிதைந்து, ஓராண்டுக்கு மேலாகப் பூங்கா மூடிக் கிடந்தது. 2019இல் மீண்டும் திறந்தபோது நாளொன்றுக்கு 900 பார்வையாளருக்கு மேல் விடுவதில்லை என்று விதித்தார்கள். வெளியூரார் முன்கூட்டியே பதிவு செய்து பணம் கட்டவேண்டும். ஹவாயில் வசிப்பவர்கள் தமது அடையாள அட்டையைக் காட்டினால் போதும். இந்த வேறுபாடு முதலில் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருந்தது. என் மனைவிக்கோ வேறு கவலை. "காசும் கட்டி, நேரமும் பதிஞ்சு, வேர்த்து வடிய நடக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார்.

பாதை தொடங்கும் இடத்துக்கு அருகே, ஹவாய் மக்களின் நடனத் தெய்வமான லாகாவுக்குரிய பழைய வழிபாட்டு மேடை ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகும். செம்மண், மழை ஈரம், வேர்கள், உருளும் கற்கள். இருபுறமும் தாழை மரங்கள். எங்கள் ஊர்க் கடற்கரையிற் கண்ட அதே தாழையினம். அதைக் கண்டதும் மனதில் ஒரு நெருக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே நீலக் கடல் பளிச்சிடும். "இஞ்சேருங்கோ, கவனம், வழுக்குது" என்று மனைவி பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நடக்க நடக்க எனக்கு வேறொரு நடை நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. எனக்குப் பதினைந்து வயது. கோண்டாவிலிலிருந்து அப்பம்மாவைச் சைக்கிளில் இருத்தி, அப்பாவும் நானுமாக உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரி வரை நடந்தோம். பத்து மைலுக்குக் குறையாது. மழை வேறு. அந்த இரவு அவ்வழியே நடந்தவர்கள் இச்சஞ்சிகையின் வாசகரிடையே இன்னும் பலர் இருப்பீர்கள். நான் விபரிக்கத் தேவையில்லை. அன்று எங்களை நடக்க வைத்தது பயம். இன்று பணம் கட்டி அனுமதி பெற்று, தண்ணீர்ப் போத்தலும் தொப்பியுமாக அதே கால்களால் இன்பத்துக்காக நடந்துகொண்டிருந்தேன். மனிதனுடைய காலத்தின் மாற்றத்தை என்னவென்பது!

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மலையிறங்கி, பாலமில்லாத ஓர் அருவியைக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்து, கடற்கரைக்கு வந்தோம். மாரியில் அலைகள் மணலை முழுவதும் அள்ளிச் சென்றுவிட வெறும் பாறைகளே எஞ்சும்; கோடையில் மணல் திரும்பி வந்து சேரும். நாம் போனது மணல் உள்ள காலம். நாம் விடியற்காலையிலேயே புறப்பட்டிருந்தமையால் அங்கே எங்களைத் தவிர எவரும் இல்லை. இருபுறமும் வானளாவிய பச்சை மலை. முன்னால் முடிவில்லாத சமுத்திரம். மூச்சு வாங்க ஒரு பாறையில் இருந்தபடி நான் சொன்னேன்: "என்ன வடிவான கடற்கரை! ஒரு சனமும் இல்லை."

அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தபின்தான் அவற்றை ஏற்கெனவே எங்கோ கேட்டிருக்கின்றேன் என்பது எனக்கு உறைத்தது.

2018இல் நான் மயிலிட்டிக்குப் போயிருந்தேன். 1990 யூன் மாதம், பத்து வயதில், நான் பெற்றோருடன் விட்டுப் புறப்பட்ட ஊர் அது. அந்தக் கரையோரம் 27 ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் இருந்து, அதன் ஒரு பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. என் தந்தையார் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 2014இல் கோண்டாவிலில் வாடகை வீட்டிலேயே காலமானார். எங்கள் வளவில் கிணறும் சில அத்திவாரக் கற்களும் மிஞ்சியிருந்தன. கடற்கரைக்கு நடந்தேன். தெற்கிலிருந்து சுற்றுலா வந்த நாலைந்து இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "எவ்வளவு அழகான கடற்கரை! ஒரு சனமும் இல்லை" என்று ஆங்கிலத்திற் சொல்லிவிட்டு, கையிலிருந்த பிஸ்கற் பைக்கற்றை நீட்டினான். நான் வாங்கவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடந்தேன். அவன் மேல் எனக்கு உண்டான கோபம் பல ஆண்டுகளாகத் தணியவில்லை. ஏன் ஒரு சனமும் இல்லை என்று அவன் ஒரு கணமாவது யோசித்தானா என்பதே என் கோபம்.

இப்போது ஹனகாபியாயில் அதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தேன்.

இந்த நேரத்தில் அருவிக்கரை வழியே சற்று உள்ளே போயிருந்த மகள் திரும்பி வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. "அப்பா, அங்க பாசி பிடிச்ச கல்லுச் சுவர் இருக்கு. அதை ஆர் கட்டினது? இங்க முந்தி ஆக்கள் இருந்தவையா?" என்று கேட்டாள்.

ஆம், இருந்தார்கள். அப்பள்ளத்தாக்குகளில் ஹவாய் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கல்லடுக்கி, படிப்படியாகப் பாத்தி அமைத்து, அருவிநீரைத் திருப்பிச் சேம்பு பயிரிட்டு வாழ்ந்தார்கள். சேம்பை அவர்கள் மனித குலத்தின் மூத்த சகோதரன் என்று கருதுபவர்கள். நிலத்தைக் குறிக்கும் அவர்களது சொல்லே உண்ணுதல் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சோறு போடுவது எதுவோ அதுவே நிலம். 1778இல் கப்டன் குக் இதே தீவின் வைமேயாவில் இறங்கிய காலத்தில் ஹவாய் மக்களின் தொகை மிகக் குறைந்த மதிப்பீட்டின்படியும் இலட்சத்துக்கு மேல். கப்பல்களோடு வந்த நோய்கள் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், கலப்பினத்தவரையும் சேர்த்து, எஞ்சியவர்கள் சுமார் 40,000 பேர். 1893இல் அவர்களுடைய அரசி பதவியிலிருந்து வீழ்த்தப்பட்டார். 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு நா பாலிப் பள்ளத்தாக்குகளில் நிலையான குடியிருப்பும் இல்லாமற் போயிற்று.

அதே பாதையின் மறுமுனையான கலலாவில் 1893இல் ஒரு சம்பவம் நடந்தது. தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து மொலோகாய்த் தீவின் ஒதுக்குப்புறமொன்றுக்கு அனுப்பும் சட்டம் 1865 முதல் அங்கே இருந்தது. 1969இல் அம்முறை கைவிடப்படும் வரை ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள். மாட்டுப்பண்ணையில் வேலை செய்த கோலாவு என்பவருக்கு அந்நோய் கண்டது. மனைவி பியிலானியும் கூட வரலாமென்றால் தானும் வருவதாகச் சொன்னார். அனுமதி மறுக்கப்பட்டதும் மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு கலலாவிற் போய் ஒளிந்தார். பிடிக்க வந்த அதிகாரி அவரது துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பின்னர் பீரங்கியோடு படையினர் வந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அங்கு ஒளிந்திருந்த ஏனைய நோயாளரில் பெரும்பாலோர் பிடித்து அனுப்பப்பட்டார்கள். சில ஆண்டுகளில் மகனும் அவருக்குப் பின் கோலாவும் நோயால் மாண்டார்கள். இருவரையும் தன் கையாலேயே புதைத்துவிட்டு, பியிலானி தனியாக மலையேறி ஊர் திரும்பினாள். அவள் சொன்ன வரலாறு 1906இல் ஹவாய் மொழியில் நூலாக வந்தது.

அடைவதற்கு அரிய இடம் என்பதால் அவர்களுக்கு அது புகலிடமாயிற்று. அடைவதற்கு அரிய இடம் என்பதாலேயே இன்று எங்களுக்கு அது விடுமுறைத் தலமாகியிருக்கின்றது. இடம் ஒன்றுதான்.

இனி என் கேள்விக்கு வருகின்றேன். மற்றவர்கள் இல்லாமற் போனதால் உண்டான வெறுமையை நாம் அழகென்று அனுபவிப்பது தர்மமாகுமா?

எமது கணக்கியலின் அடிப்படை இரட்டைப் பதிவு முறை. வரவு என்று ஒரு பக்கம் எழுதினால் அதற்கு ஈடான பற்று இன்னொரு பக்கத்தில் இருந்தே தீரவேண்டும். ஆளில்லாக் கடற்கரை என்று நான் மகிழ்ச்சியோடு வரவு வைத்தேன். மறுபக்கத்தில் எழுதப்பட்டிருந்தது யாருடைய பெயர் என்று பார்க்கவில்லை. மயிலிட்டியில் நின்ற அந்த இளைஞனும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் அவனுடைய குற்றம். என்னுடையதும் அதுவே.

இதற்கு மூன்று மறுமொழிகள் எனக்குள்ளேயே எழுந்தன. முதலாவது, இப்படிப் பார்க்கப் போனால் உலகில் எங்குமே கால் வைக்க முடியாது, மனிதர் மறைந்து போகாத மண் எங்கே உண்டு என்பது. இது உண்மைதான். ஆனால் கடன் எல்லோருக்கும் உண்டு என்பதால் எவருமே கொடுக்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, நான் அவர்களை வெளியேற்றவில்லையே என்பது. இதுவும் உண்மை. ஆயினும் ஒரு நிறுவனத்தை வாங்குபவன் அதன் சொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடன் பழைய முதலாளியுடையது என்று சொல்ல முடியாது. நாங்கள் வாழும் இந்த நகரத்தையே பாருங்கள். ரொறன்ரோவின் பெரும் பகுதியை அடக்கிய 250,830 ஏக்கர் நிலம், 1805ஆம் ஆண்டுப் பத்திரத்தின்படி, மிசிசாகா இன மக்களிடமிருந்து 10 சிலிங்குக்கு வாங்கப்பட்டது. 2010இல் கனடிய அரசு அந்தப் பேரத்துக்காக அவர்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்தது. நான் தினமும் போய் வேலை செய்யும் அலுவலகம் அந்நிலத்திலேதான் நிற்கின்றது. அகதியாக வந்த எனக்கு நிழல் தந்த நாடு இது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. நிழல் தந்த மரம் யாருடைய வளவில் நின்றது என்பதை அறிந்துகொள்வதும் அந்த நன்றியின் ஒரு பகுதி என்றே நினைக்கின்றேன்.

மூன்றாவது மறுமொழியே எமக்கு மிக நெருக்கமானது. நாங்களே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள், நாங்கள் யாருக்கு என்ன கடன்பட்டோம் என்பது. இதை நான் பலமுறை சொல்லியிருக்கின்றேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் கணக்கியலில் ஒரு விதி உண்டு. எனக்கு ஒருவர் தரவேண்டிய பணத்தை, நான் வேறொருவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்தோடு கழித்துவிட முடியாது. ஒரே ஆளோடுள்ள வரவையும் கடனையும் மட்டுமே நேர்செய்யலாம். மயிலிட்டியில் எனக்கு வரவேண்டியது வரவேண்டியதுதான். அதை நான் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் அதைக் காட்டி ஹனகாபியாயில் கல்லடுக்கியவனுடைய கணக்கையோ மிசிசாகா மக்களுடைய கணக்கையோ நான் அடித்துவிட முடியாது. எமது துயரம் உண்மையானது. அது எமது ஐந்தொகையில் ஒரு தனி வரி. மற்ற வரிகளை அது அழிப்பதில்லை.

அமெரிக்கப் பாராளுமன்றம் 1993இல் ஹவாய் அரசு வீழ்த்தப்பட்டமைக்கு மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தக் கோரிக்கையும் இதனால் தீர்க்கப்பட்டதாகக் கொள்ளக்கூடாது என்று அத்தீர்மானத்திலேயே எழுதினார்கள். கடனை ஒப்புக்கொண்டார்கள், செலுத்தவில்லை. பெரிய அரசுகளின் நிலை அதுவாயின், ஒரு நாள் விருந்தாளியான நான் என்ன செய்யமுடியும் என்று கேட்பீர்கள்.

சிறியவை சில முடியும். அனுபவிப்பதை நிறுத்தவேண்டியதில்லை. அன்று என் மகள் அந்த மணலில் ஓடியதை நான் தடுக்கவில்லை. அழகைக் கண்டு மகிழ்வது பாவம் என்று எமது சமயமும் சொல்லவில்லை. ஆனால் விருந்தாளிக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. கேட்டு உள்ளே போவது. விதித்த எல்லையோடு நிற்பது. யாருடைய வீடு என்று அறிந்துகொள்வது. பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்வது. வந்த வழியே திரும்பும்போது, காலையில் எனக்கு உறுத்தலாக இருந்த அந்த விதி, அதாவது அங்கு வசிப்பவருக்கு அட்டை போதும், வெளியூரார் பதிவு செய்யவேண்டும் என்பது, நியாயமாகவே தெரிந்தது. 27 ஆண்டுகள் மயிலிட்டியில் எங்களுக்கு அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இதை எழுதுவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. வெளிநாட்டிலுள்ள என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், மயிலிட்டியிலுள்ள எங்கள் பரம்பரைக் காணியில் சுற்றுலா விடுதி ஒன்று கட்டுவோம் என்று இரண்டு வருடமாகக் கேட்டு வருகின்றார். வரவுசெலவு மதிப்பீட்டை நானே தயாரித்துக் கொடுத்திருந்தேன். அதில் முதலாவது சொத்தாக நான் எழுதியிருந்தது, "ஆள் நடமாட்டமில்லாத தனிக் கடற்கரை". எங்கள் வளவின் ஓரமாகக் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்று உண்டு. வலையும் கூடையுமாக அயலவர்கள் அதனால் நடந்து போனதைச் சிறு வயதில் தினமும் கண்டிருக்கின்றேன். அவர்களிற் சில குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. வலிகாமம் வடக்கில் காணி இன்னும் விடுவிக்கப்படாத குடும்பங்களும் உண்டு. எங்கள் வரைபடத்தில் அந்த ஒழுங்கையை மதிலுக்கு உள்ளே எடுத்திருந்தோம். விருந்தினரின் தனிமைக்காக.

ரொறன்ரோ திரும்பியதும் அப்பா விட்டுச் சென்ற காணி உறுதியை எடுத்து வாசித்தேன். நிலத்தின் பரப்பும் நாற்புற எல்லையும் எழுதியபின், எங்கள் ஊர் உறுதிகளில் வழமையாக வரும் ஒரு சொற்றொடர் அதிலும் இருந்தது: "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்". எந்தக் காணியும் தனியே முழுமை பெறாது, பங்கும் வழியும் சேர்ந்தாலே அது காணி என்று பெயர் தெரியாத எங்கள் பழைய நொத்தாரிசுகள் அறிந்திருந்தார்கள்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒழுங்கையை வெளியே விட்டு வரைபடத்தைத் திருத்தினால் மட்டுமே நான் கையொப்பம் வைப்பேன் என்றேன். "அண்ணா, சனம் நடந்து திரிஞ்சால் ஆர் அங்க காசு குடுத்து வந்து தங்குவினம்?" என்று கேட்டார். நியாயமான வியாபாரக் கேள்வி. அதற்குரிய விடையை நான் இன்னும் கணக்கிடவில்லை. ஆனால் அந்த மதிப்பீட்டிலிருந்து முதலாவது வரியை வெட்டிவிட்டேன்.